இரண்டாவது ரிசீவர்

...இரண்டாவது என்று சொல்லிவிடலாமா, சொன்னால் ஏன் என்று கேட்பாரோ, கேட்டால் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்று சொன்னால் போதாதா, தெளிவு என்ற சொல்லை யாரும் எதிர்த்துப் பேச முடியாது, ஆனால் சொல்லும்போது குரல் நடுங்கக்கூடாது, கடைக்காரர் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார், மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கி ஆடுகிறது, "இப்ப ஒண்ணு சார்... இப்ப ரெண்டு... நல்லாக் கேளுங்க, மறுபடி ஒண்ணு" என்று மாற்றி மாற்றி அழுத்துகிறார், ஒன்று என்றால் சிவப்பு விளக்கு, இரண்டு என்றால் பச்சை விளக்கு, விளக்கு மாறுவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, காதுக்குத்தான் ஒரு மண்ணும் தெரியவில்லை. அதே பெண், அதே பாட்டு, அதே கிடார். சிவப்பிலும் அவளேதான் பாடுகிறாள், பச்சையிலும் அவளேதான் பாடுகிறாள். மேசைமேல் ஸ்பீக்கர்களைப் பாடவைக்கும் ரிசீவர்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி, அந்தப் பெட்டிதான் ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒன்றிலிருந்து பிரித்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுகிறது என்று முதலிலேயே விளக்கியிருந்தார். பாட்டு ஒன்றே, ஸ்பீக்கர்களும் அவையே, ரிசீவர் மட்டும் மாறும். சத்தம் கூடுதலாக இருப்பது எதுவோ அதுவே உசத்தி என்று மனசு நம்பிவிடுமாம், அதனால் இரண்டையும் மீட்டர் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, யாரும் திருகிவிடாதபடி வால்யூம் குமிழ்கள்மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறார். நேர்மையான மனிதர், இவ்வளவு நேர்மையாக ஒருவர் சோதிக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது என்று சந்தேகப்படவே இடம் இல்லை.

எனக்குத் தெரியாவிட்டால் போகட்டும், மற்றவர்களுக்கும் தெரியாமல் இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பின்னால் சோபாவில் ஒருவர் காலை நீட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், வாரத்துக்கு மூன்று நாள் வந்து எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போகிறவராம், கடைக்காரர் அவரை விரட்டாமல் வைத்திருப்பதே இப்படி யாராவது வந்தால் எடுத்துச் சொல்வதற்காகத்தான் போலிருக்கிறது. "ரெண்டுல ஒரு கதகதப்பு இருக்கு, கவனிச்சீங்களா? ஒண்ணுல கொஞ்சம் வறட்டுத்தனம்" என்கிறார் சோபாக்காரர், கண்ணைத் திறக்காமலேயே. கதகதப்பாம். சரி, அவர் இதற்கென்றே பிறந்தவர், விட்டுவிடலாம், ஆனால் என் மனைவி? வீட்டில் வாசல் மணிக்கும் போன் மணிக்கும் வித்தியாசம் தெரியாமல், போனை எடுத்து ஹலோ சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் திறக்கிறவள், அவளும் "ஆமாங்க, ரெண்டாவதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாளே, ஒரு நொடிகூட யோசிக்கவில்லையே. அவளுக்கே கேட்கிறது என்றால் எனக்கு என்ன ஆயிற்று?

காது போனால் கண்ணாடி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் போகலாம், மற்றவர்கள். எனக்கு அப்படி இல்லை, எனக்குச் சோறு போடுவது காது. ஆலையில் முன்னூறு மோட்டார்கள், பம்புகள், எல்லாவற்றுக்குள்ளும் பேரிங்குகள், நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது முழுவதும் கேட்கும், நல்ல பேரிங் உஸ் என்று ஒரே சீராக ஓடும், கெடப்போவது மணலை மெல்வது போலக் கரகரக்கும், இன்னும் பத்து நாள் தாங்கும், இன்னும் நாலு நாள்தான் என்று தேதியே சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருடம். ஆலையில் எனக்குப் பெயரே 'காது'தான், "காது வர்றாரு, ரேடியோவ நிறுத்து" என்பார்கள். அந்தக் காது போன மாதம் மூன்றாம் நம்பர் பம்பைக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது, நான்காம் நாள் அந்தப் பம்பு இறுகி நின்றுவிட்டது, ஒரு ஷிப்ட் முழுவதும் ஆலை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேனேஜர் திட்டியிருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, "காதெல்லாம் நல்லா இருக்குல்ல?" என்று மெதுவாகக் கேட்டார், அந்த மெதுவான குரல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வருகிற வியாழக்கிழமை வருடாந்தரப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிடுவார்கள், பீப் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும், கேட்காவிட்டால்... கேட்காவிட்டால் ஸ்டோர் அறையில் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள், கையுறையும் நட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

உண்மையைச் சொன்னால் நான் இங்கே ரிசீவர் வாங்க வரவில்லை, காதைச் சோதித்துக்கொள்ள வந்தேன். டாக்டரிடம் போனால் காகிதத்தில் எழுதிவிடுவார், காகிதம் என்றால் ஆலைக்குத் தெரிந்துவிடும், கடைக்காரர் எதையும் எழுதமாட்டார். வீட்டிலிருக்கும் பழைய ரிசீவர் பத்து நிமிடம் ஓடினால் சூடாகித் தானே அணைந்துவிடுகிறது என்பது நிஜம்தான், ஆனால் அதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபிறகு, இந்த ஆறு மாதமாக, மனைவி பேசுவது எனக்குச் சரியாக விழுவதில்லை. சமையலறையிலிருந்து என்னவோ சொல்வாள், துணி மடித்துக்கொண்டே என்னவோ சொல்வாள், சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை, முதலில் என்ன என்ன என்று கேட்டேன், மூன்றாவது தடவையும் கேட்டால் தெரிந்துபோகுமே என்று பிறகு கேட்பதை நிறுத்திவிட்டேன், 'ம்', 'சரி', 'பார்க்கலாம்' என்று மூன்றே பதில்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அவளும் எதுவும் சொன்னதில்லை, நல்லவேளை மாட்டிக்கொள்ளவில்லை என்று தினமும் ஒரு பெருமூச்சு. அதனால்தான் சாயங்காலம் ஆனால் ஏதாவது ஒரு படத்தைப் போட்டுவிடுகிறேன். படம் ஓடும்போது பேச்சுக்கு அவசியம் இல்லை.

"என்ன சார், எது?" கடைக்காரர் கேட்டேவிட்டார். "ரெண்டாவது. கொஞ்சம்... தெளிவா இருக்கு." சொல்லிவிட்டேன், குரல் நடுங்கவில்லை, ஆனால் திருட்டு முழி முழித்திருப்பேன். கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது, சோபாக்காரர் கண்ணைத் திறந்து என்னை முதல்முறையாக மதிப்போடு பார்த்து, "உங்களுக்கு நல்ல காது சார்" என்கிறார், இருபத்தாறு வருடமாக ஊரெல்லாம் சொன்ன அதே வார்த்தை, அன்றைக்கெல்லாம் சட்டை செய்யவில்லை, இன்றைக்குக் கண் கலங்குகிறது, அழுது தொலைத்துவிடுவேனோ என்று பயந்து குனிந்து செருப்பைச் சரிசெய்துகொள்கிறேன். மனைவி பக்கத்திலிருந்து என்னையே பார்க்கிறாள். "இன்னொரு டிஸ்க் போடறேன், மழை வரும், அதுல இன்னும் நல்லாத் தெரியும்" என்கிறார் கடைக்காரர், போதும் சாமி, ஆளை விடுங்கள், என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டுகிறேன், மழை வருகிறது, தகரக் கூரைமேல், தொலைவில் இடி, யாரோ ஓடும் காலடி, சிவப்பு மழை, பச்சை மழை, இரண்டும் ஒரே மழை.

பேசாமல் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன, கிட்டத்தில் கேட்டால் ஏதாவது தெரியாதா... நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன், ஸ்பீக்கரை விட்டுவிட்டு என் புத்தி, பழக்கதோஷம், கறுப்புப் பெட்டிக்குப் போய்விட்டது. பொத்தானை அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம், அது பிளாஸ்டிக், அது கேட்கிறது, மழைக்கு நடுவிலும் கேட்கிறது. ஆனால் அதற்குப் பிறகு இன்னொன்று வரவேண்டுமே. இந்த மாதிரிப் பெட்டிக்குள் இணைப்பை மாற்றிவிடும் ரிலேக்கள் இருக்கும், ஆலையில் சுவரில் நூற்றுக்கணக்கில் வைத்திருக்கிறோம், மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே சின்ன இரும்புத் துண்டு ஒன்று போய் ஒட்டிக்கொள்ளும், டிக் என்று மெல்லிய சத்தம், டக்குக்குப் பிறகு டிக், டக்குக்குப் பிறகு டிக், தூக்கத்தில்கூட எனக்குத் தெரியும். டிக் வரவில்லை. அவ்வளவுதான், முடிந்தது, கதையே முடிந்தது, ரிலேச் சத்தம்கூடக் கேட்காத ஆளுக்கு என்ன பேரிங், என்ன பம்பு, ஸ்டோர் நாற்காலிக்கு மெத்தையாவது போடுவார்களா, ஏசி அறையில் முதுகு நனைந்துவிட்டது. அப்புறம்தான் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, கனமான எவர்சில்வர் பேனா, அதன் ஒரு முனையைப் பெட்டிமேல் வைத்தேன், இன்னொரு முனையைக் காதுக்குப் பக்கத்து எலும்பில். "என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி. "இன்னொரு தடவ அழுத்துங்க" என்றேன் கடைக்காரரிடம்.

டக். ஒன்றும் இல்லை. டக். ஒன்றும் இல்லை. பேனாவை அப்படியே நகர்த்தி முதல் ரிசீவர்மேல் வைத்தேன், உள்ளே ட்ரான்ஸ்பார்மர் ம்ம்ம் என்று முனகுவது எலும்பு வழியாக வந்து தலை முழுவதும் நிறைந்தது, டிஸ்க் ஓட்டுகிற கருவிமேல் வைத்தேன், தட்டு சுழல்வது கேட்டது, சுழற்சிக்கு ஒருமுறை லேசாக ஒரு உரசல், அதுகூடக் கேட்டது! மறுபடி பெட்டி. டக். டிக் இல்லை. எனக்குக் கேட்காமல் இல்லை, அங்கே டிக்கே இல்லை. "இந்தப் பெட்டி மாத்தவே இல்லீங்க" என்றேன். கடைக்காரர் சிரித்தார், "காலையிலேர்ந்து நாலு பேருக்குப் போட்டுக் காட்டிட்டேன் சார், எல்லாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சுதே" என்றார். "பச்ச விளக்கு எரியட்டும். ரெண்டாவதோட வால்யூம சுத்தமாக் குறைங்க." டேப்பைப் பிய்க்க அவருக்கு மனசே வரவில்லை, மீட்டர் வைத்து ஒட்டிய டேப் ஆயிற்றே, நகத்தால் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார், குமிழை இடதுபக்கம் திருப்பினார், திரையில் எண் குறைந்துகொண்டே வந்து பூஜ்யத்தில் நின்றது, தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. இடிகூட இடித்தது.

அந்தக் கறுப்புப் பெட்டிக்கு உள்ளே எங்கோ ஒரு கம்பி கழன்றிருக்கும், விளக்குக்கு மட்டும் மின்சாரம் வந்துகொண்டிருந்திருக்கும், காலையிலிருந்து, ஒருவேளை போன வாரத்திலிருந்து, முதல் ரிசீவர் ஒன்றேதான் பாடிக்கொண்டிருந்திருக்கிறது, பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாருக்கும் கதகதப்பு வந்திருக்கிறது, தெளிவு வந்திருக்கிறது, எனக்கும்தான் வந்தது, நான் மட்டும் யோக்கியமா. சோபாக்காரர் காலை மடக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், அசடு வழிகிற முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் எனக்கு அவரைப் பார்த்துப் பாவப்பட நேரம் இல்லை, நெஞ்சில் யாரோ பாலை வார்த்துவிட்டார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் வித்தியாசம் இல்லை! இந்த அறையில் சரியாகக் கேட்ட காது ஒன்றே ஒன்று, அதை வைத்துக்கொண்டுதான் அரை மணியாகச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து கடைக்காரரைக் கட்டிப்பிடித்திருப்பேன், அவர் மண்டியிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டார், "எத்தன பேருக்கு இதக் காட்டி வித்தேனோ" என்று முனகிக்கொண்டே ஸ்பீக்கர் கம்பிகளைக் கையால் பிடுங்கி இரண்டாவதில் மாட்டிக்கொண்டிருந்தார்.

பழைய டிஸ்க்கையே மறுபடி போட்டார், இரண்டாவது ரிசீவர் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தது. அதே பெண், அதே பாட்டு, அப்பா, என்ன வித்தியாசம், முதல் வரியிலேயே பிடிபட்டுவிட்டது, கிடாரின் அடித்தந்தி உப்பிப்போய் அவள் குரல்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவள் மூச்சு வாங்குவது முதலாவதில் கேட்டதே, பல்லவி முடிந்து அவள் நாற்காலியில் லேசாக நகர்ந்து உட்கார்வதுகூடக் கேட்டதே, இதில் அது இல்லை, எல்லாவற்றையும் கிடார் விழுங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, நீங்களே மாற்றுங்கள், எது என்று சொல்லாதீர்கள் என்றேன், கடைக்காரர் ஆறு தடவை கம்பியை மாற்றினார், ஆறு தடவையும் சரியாகச் சொன்னேன், மூன்றாவது தடவை என்னை ஏமாற்ற மாற்றாமலேயே மாற்றியதாகச் சொன்னார், அதையும் பிடித்துவிட்டேன். வியாழக்கிழமை வரட்டும், ஹெட்போனை இரண்டு நாள் முன்னாலேயே மாட்டச் சொல்லுங்கள். சோபாக்காரர் மட்டும், "இப்ப ரெண்டுல அந்தக் கதகதப்பு போயிடுச்சே" என்று தொலைந்த பொருளைத் தேடுகிறவர் மாதிரி சொன்னார். மனைவியிடம் உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள்.

முதலாவதையே எடுத்துக்கொண்டோம். கிடங்கிலிருந்து புதுப்பெட்டி வரும்வரை கடைக்கு வெளியே, கட்டடத்துக்குள் லிப்டுக்கு எதிரே போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம், வாசல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வண்டிகள் போயின, இந்தப் பக்கம் லிப்ட் ஏறி இறங்கியது, அதற்கு எண்ணெய் போடவேண்டும், எல்லாம் கேட்டது, எவ்வளவு சத்தம் இந்த உலகத்தில். "வித்தியாசமே இல்லாதப்ப ஏன் ரெண்டாவது நல்லா இருக்குன்னு சொன்னே?" என்றேன். "உங்க மூஞ்சி போன போக்கப் பாத்துப் பயந்துட்டேன். எதையாவது ஒண்ணச் சொன்னா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாமேன்னு சொன்னேன்." வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பம்பு, மேனேஜர் தோளைத் தொட்டது, வியாழக்கிழமை, ஸ்டோர் நாற்காலி, காது போய்விட்டது என்று ஒரு மாதமாகத் தூங்காமல் கிடந்தது, இனி கவலை இல்லை, ஒரு கோளாறும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறது காது என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கைப்பையின் ஜிப்பை மற்றக் கையால் மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"அப்ப காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நல்லா இருக்கு!" என்றேன். "நானும் காதுதான்னு நெனச்சிட்டிருந்தேங்க" என்றாள், கோபமாக இல்லை, கணக்கு எங்கே தப்பியது என்று பார்க்கிறவள் போல, "பொண்ணுகிட்டக்கூட சொன்னேன், அப்பாவுக்கு இப்பல்லாம் சரியாக் கேக்கறதில்ல, அதான் எது சொன்னாலும் பதில் வர்றதில்லன்னு. பாவம்மா, நீ சத்தமாப் பேசுன்னு அவ சொன்னா."

பெட்டி வந்துவிட்டது, கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். காது நன்றாக இருக்கிறது, அப்படியானால் மூன்றாம் நம்பர் பம்பு அன்றைக்கும் கரகரத்திருக்கும், எலும்பு வழியாக அது எனக்குள் வந்திருக்கும், ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் எங்கே இருந்தேன்? மகளின் காலி அறையிலா, அந்த அறையைத் தாண்டி எங்காவதா, யோசித்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. நிம்மதி அப்படியே இருக்கிறது, அது எங்கும் போய்விடவில்லை, அதன் நடுவில் இது ஒன்று. பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன், அவள் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்றேன். "இந்த ஆறு மாசமா என்ன சொன்னே?" என்று கேட்டேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நிறைய" என்றாள், பின்னாலிருந்து யாரோ வழி கேட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓரமாக ஒதுங்கினோம், அவள் மறுபடி எதையாவது சொல்வாள் என்று பெட்டியைத் தூக்கியபடியே நான் அங்கே நின்றேன்.